மறுகா டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'பிரச்சினை' என்ற சொல்லைத் தடைசெய்தவர் அவர்தான். சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூரை பாதி, தளபாடம் பாதி, ஆசிரியர்கள் பாதி. குறைவில்லாமல் முழுசாக இருந்தது பிரச்சினை ஒன்றுதான். அதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்று ஒருவர் வந்து நின்றால் சிரிக்காமல் என்ன செய்வது? எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு வாத்தியாரான நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அவர் உண்மையில் மனையியல் டீச்சர். மனையியல் அறையின் கூரை ஒரு ஷெல்லோடு போய்விட்டதால் வகுப்பில்லாமல் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக ரேந்தை பின்னிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உளவளத்துணைப் பயிற்சிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பவும். வேலை வெட்டி இல்லாமல் இருப்பது யார் என்று அதிபர் ஒரு சுற்றுப் பார்த்தார். ரேந்தை ஊசி அவர் கண்ணில் பட்டது. எங்கள் பிள்ளைகளின் மனநலம் டீச்சர் கைக்குப் போய்ச் சேர்ந்த விதம் இதுதான்.

பயிற்சியை ஒரு தொண்டு நிறுவனம் டவுனில் நடத்தியது. ஐந்து நாள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஆங்கிலத்தில் சொல்ல, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதை யாருக்கும் விளங்காத தமிழில் சொல்ல, மத்தியானம் கோழிப் புரியாணி. ரேந்தைப் பையோடு போனவர் ஒரு சான்றிதழ், ஒரு நீலக் கோப்பு, ஆறு நிறத்தில் மார்க்கர் பேனை, ஒரு கொள்கை என்று நான்கு சாமான்களோடு திரும்பி வந்தார். மார்க்கர் பேனைகள் ஒரு பள்ளித் தவணைக்குள் காய்ந்துவிட்டன. கொள்கை காயவில்லை.

கொள்கை இதுதான். பிரச்சினையைத் தோண்டத் தோண்ட அது பெருகும். ஆகவே அதை விட்டுவிட வேண்டும். பிரச்சினை இல்லாத நேரம் எது, அந்த நேரம் எப்படி வாய்த்தது, அதை இன்னும் கொஞ்சம் கூட்ட என்ன செய்யலாம், இவற்றை மட்டும் கேட்க வேண்டும். நாலைந்து சந்திப்பில் ஆள் சரியாகிவிடும். தீர்வை நோக்கிய குறுங்காலச் சிகிச்சை என்று அதற்குப் பெயர் சொன்னார். குறுங்காலம் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. சண்டை பிடிக்கிறவர்களுக்கும் அந்தப் பயிற்சியை யாராவது கொடுத்திருக்கலாம்.

ஒருவர் ஒரு பதில் சொன்னால் அதோடு விடக்கூடாது, இன்னும் என்ன, வேறு என்ன என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த இன்னொரு விதி. டீச்சர் அதை எங்கள் பேச்சுக்கு மாற்றி 'மறுகா?' என்றார். மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு என்று பொருள். கதை கேட்கிற குழந்தை மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை விரித்து, 'மறுகா?' என்பார். பதில் வரும்வரை அந்தத் தலை நிமிராது. ஒரு மாதத்துக்குள் பிள்ளைகள் அவருக்கு மறுகா டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்கலாம்.

முதலில் அகப்பட்டவர் அதிபர். மாரி மழை தொடங்கி, அவருடைய அறை ஐந்தாறு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. கந்தோருக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன மனிதர், டீச்சரைக் கண்டதும் வழக்கம்போல் புலம்பத் தொடங்கினார். டீச்சர் தலையைச் சாய்த்தார். இந்த அறையில் மழை பெய்தும் ஒழுகாத இடம் எது என்று கேட்டார். அதிபர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வடக்கு மூலையைக் காட்டினார். மறுகா? மறுகா என்ன, மேசையையும் கதிரையையும் தூக்கி அந்த மூலையில் போட்டுக்கொண்டார். அதிலிருந்து கூரையைப் பற்றி அவர் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. கந்தோருக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் பள்ளிக்கு வருகிற பையன் ஒருவன் இருந்தான். மற்ற ஆசிரியர்கள் அவனை ஏன் வரவில்லை என்று கேட்டு அடிப்பார்கள். டீச்சர் ஏன் வந்தாய் என்று கேட்டார். இன்றைக்கு எப்படி உன்னால் வர முடிந்தது, அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்று பாராட்டோடு கேட்டார். பையன் நெளிந்தான். ஆமி ரோட்டை மறித்துவிட்டதால் வட்டைக்கு வயல் வேலைக்குப் போக முடியவில்லை, வேறு வேலை இல்லாததால் வந்தேன் என்றான். அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.

குழு ஆலோசனை புதன்கிழமைகளில், பள்ளி விட்ட பிறகு, மண்டபத்தில் நடந்தது. பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். கிணற்றுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை டீச்சர் எடுத்து, அதில் முடிச்சுப் போட்டு நிலத்தில் நீட்டிப் போட்டார். முடிச்சுகள் பூச்சியம் முதல் பத்து வரை. முதல் நாள் பத்து முடிச்சுத்தான் போட்டிருந்தார். பூச்சியத்துக்கும் ஒரு முடிச்சு வேண்டும், மொத்தம் பதினொன்று என்று நான்தான் திருத்தினேன். அந்த முறைக்கு என் பங்களிப்பு அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் படுமோசம் என்றால் பூச்சியம். எல்லாம் சரி என்றால் பத்து. பிள்ளைகள் கூட்டத்தின் தொடக்கத்தில் தங்கள் முடிச்சில் போய் நிற்க வேண்டும். பிறகு கேள்விகள், பாராட்டு, மறுகா, மறுகா. முடிவில் மறுபடியும் கயிற்றில் நிற்க வேண்டும். ஐந்துக்குக் கீழே நின்றால் அடுத்த கிழமை தனிச் சந்திப்பு. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் பெயருக்கு நேரே 'வளர்ச்சி' என்று எழுதி மூடிவிடுவார்.

கேள்விகளில் ஒன்று அதிசயக் கேள்வி. டீச்சர் அதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"இண்டைக்கு நீங்க நித்திரையில இரிக்கக்குள்ள ஒரு அதிசயம் நடக்குது. உங்கட கஷ்டமெல்லாம் போயிட்டு. காலையில எழும்பினதும் எதக் கண்டு அது உங்களுக்கு விளங்கும்?"

ஒருவன் தலைமாட்டில் ஓட்டமாவடிக் கடைப் புரியாணிப் பார்சல் இருக்கும் என்றான். இன்னொருவன் கணக்கு சேருக்குக் காய்ச்சல் என்று செய்தி வரும் என்றான். நான் கதவடியில்தான் நின்றேன், அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. டீச்சரும் கவலைப்படவில்லை. சேருக்குக் காய்ச்சல் வந்தால் மறுகா? பாடம் இல்லை. மறுகா? பந்தடிப்போம். இந்தப் பிள்ளைக்கு வேண்டியது விளையாட்டு என்று கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை என் பாடத்தில் அரை மணித்தியாலத்தை அதிபரிடம் சொல்லி வாங்கிக்கொண்டார். என் காய்ச்சல் இல்லாமலே அதிசயம் நடந்துவிட்டது.

நான் ஏன் அங்கே நின்றேன் என்று சொல்ல வேண்டும். டீச்சருக்கும் எனக்கும் வீடு நாவற்குடாவில். காலையில் பஸ்ஸில் துறைக்கு வந்து, வாவியைப் பாதையில் கடந்து பள்ளிக்கு வருவோம். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துப் பலகை அடித்து, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிப்போகும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். கடைசிப் பாதை ஐந்து மணிக்கு. அதை விட்டால் அக்கரையில் ஆமியின் சோதனைச் சாவடி மூடிவிடும். டீச்சரைத் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அதிபர் என்னை அவருக்குத் துணையாகப் போட்டிருந்தார். எனவே ஒவ்வொரு புதனும் டீச்சரின் தலை சாயச் சாய நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சாவடியில்தான் டீச்சருடைய முறை தன் உச்சத்தைத் தொட்டது. ஒருநாள் ஒரு சிப்பாய் நீலக் கோப்பைத் திறந்துவிட்டான். உள்ளே பன்னிரண்டு பிள்ளைகளின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று, ஒரு அம்புக்குறி, ஏழு. படுவான்கரையிலிருந்து வருகிற ஒருவர் கையில் பிள்ளைகளின் பெயரும் அம்புக்குறியும் இருந்தால் ஆமி என்ன நினைக்கும்? அதிகாரி வந்தார். இது யாருடைய பயிற்சி, எந்த முகாம் என்று கேட்டார். டீச்சர் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, தலையைச் சாய்த்தார்.

"ஐயா, உங்களுக்கு இப்ப எங்களில எவ்வளவு சந்தேகம்? பூச்சியத்தில இருந்து பத்து மட்டும் ஒரு இலக்கம் சொல்லுங்க."

அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். அவர் உண்மையாகவே யோசித்தார். எட்டு என்றார். ஏன் பத்து இல்லை, எட்டோடு நின்றதற்கு என்ன காரணம் என்று டீச்சர் விடவில்லை. அதிகாரி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். நரைத்த தலை, வாவிச் சேற்றுக்குப் பயந்து கையில் தூக்கிப் பிடித்திருந்த செருப்பு. குடை என்றார்.

"எட்டு ஏழா வாறதுக்கு நாங்க என்ன செய்யணும் ஐயா?"

"கதைக்காம போ."

போனோம். கோப்பு இரண்டு நாள் சாவடியில் தங்கிவிட்டு வந்தது. அதற்குப் பிறகு அந்த அதிகாரி டீச்சரைக் காணும்போதெல்லாம் தூரத்திலிருந்தே விரலைக் காட்டுவார். முதல் கிழமை ஏழு. பிறகு ஆறு. மாரி முடியும்போது நாலுக்கு வந்திருந்தார். எங்கள் பன்னிரண்டு பிள்ளைகளையும்விட உண்மையான வளர்ச்சி கண்டவர் அவர் ஒருவர்தான் என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

பன்னிரண்டு பிள்ளைகளின் வளர்ச்சி ஏன் உண்மை இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். அது என் கைவேலை. முதல் மூன்று புதனும் ஓடி ஓடிக் கடைசிப் பாதையைப் பிடித்தேன். நாலாவது புதன் காலையில், பாடம் நடக்கும்போது, பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுத்தேன். மூன்றில் தொடங்குங்கள், ஏழில் முடியுங்கள். பத்தில் நின்றால் டீச்சர் நம்பமாட்டார். நாலில் நின்றால் தனிச் சந்திப்பு. ஏழு உத்தமம். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த கணக்குகளில் ஒரு பிழையும் இல்லாமல் செய்தது அந்த ஒரு கணக்கைத்தான்.

நான் கதவடியில் நின்று ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் இரண்டு விரலும் காட்டுவேன். முதலில் அதைப் பார்ப்பவள் தயாளினி. பதினோராம் ஆண்டில் கணக்கில் கெட்டிக்காரி அவள். அவள் ஏழுக்கு நகர, மற்றவர்கள் அவளைப் பார்த்து நகர்வார்கள். ஏழாம் முடிச்சில் பன்னிரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்க, டீச்சர் பூரித்துப்போய்க் கைதட்டுவார். நாலரைக்குத் துறையில் இருப்போம். தொண்டு நிறுவனம் அறிக்கையைப் பார்த்துவிட்டு, இந்தக் கரையிலேயே இப்படி ஒரு முன்னேற்றம் வேறெங்கும் இல்லை என்று பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதிபர் அதைக் கண்ணாடி போட்டு, ஒழுகாத மூலையில் மாட்டினார்.

அடுத்த தவணையில் அவர்கள் வீட்டுக்கு ஓராள் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் என்றால் யார் என்று எங்கள் கரையில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. துவக்கு வைத்திருந்த இரண்டு தரப்பில், சாவடியில் இல்லாத தரப்பு. பதினைந்து வயது நிறைந்த பிள்ளை இருக்கிற வீடுகளுக்குப் போனார்கள். பள்ளிக்கூடங்களில், பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதிகிற சேர்வு இடாப்பை வாங்கிப் பிறந்த திகதிகளைப் பார்த்தார்கள். குழுவில் இதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. பிரச்சினையைக் கதைக்கக்கூடாது என்பதுதானே விதி.

சுகந்தி அந்தத் தவணையில்தான் வந்தாள். வாகரைப் பக்கமிருந்து தாயோடு இடம்பெயர்ந்து, கோயிலுக்குப் பின்னால் ஒரு தறப்பாள் கொட்டிலில் இருந்தாள். வயது பதினைந்து. சாப்பாடில்லாத உடம்பு, பார்த்தால் பன்னிரண்டு சொல்லலாம். பத்தாம் ஆண்டில் போட்டார்கள், டீச்சர் குழுவில் சேர்த்தார். என் சூத்திரம் அவளுக்குத் தெரியாது. முதல் புதன் கயிற்றுக்கு வெளியே, பூச்சியத்துக்கும் ஓரடி தள்ளிப் போய் நின்றாள். நான் கதவடியிலிருந்து ஏழு விரலைக் காட்டினேன். இந்த சேருக்கு என்ன நடந்தது என்பது மாதிரிப் பார்த்தாள். கூட்டம் முடிந்தபோதும் அதே இடத்தில்தான் நின்றாள். மாதக்கணக்காகத் தனிச் சந்திப்புக்கு ஆள் கிடைக்காமல் இருந்த டீச்சரின் முகம் மலர்ந்தது.

அடுத்த புதன் மண்டபத்தின் ஒரு பக்கம் அவர்கள் இருவரும். மறுபக்கம் நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். டீச்சர் அதிசயக் கேள்வியைக் கேட்டார். புரியாணியாக இருக்கும் என்று நினைத்தேன்.

"எழும்பக்குள்ள எனக்குப் பன்ரெண்டு வயசு" என்றாள்.

"மறுகா?"

"அம்மா என்ன வாசல்ல நிக்க விடுவா."

"மறுகா?"

"ஆராவது படலையத் தட்டினா ஓடி ஒளிக்கத் தேவல்ல."

நான் சிவப்புப் பேனையை வைத்துவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அழுதிருப்பார்கள், அல்லது கடவுளைக் கூப்பிட்டிருப்பார்கள். டீச்சர் கோப்பைத் திறந்து 'இலக்கு: பன்னிரண்டு வயது' என்று எழுதினார். இலக்கு பிள்ளையின் வாயிலிருந்தே வர வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். மூன்றும் சரியாக இருக்கிறது என்றார். இந்த அம்மாவுக்கு நட்டுக் கழன்றுவிட்டது என்று நான் முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை டீச்சர் அதிபரின் ஒழுகாத மூலையில் நின்றார். பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இடம்பெயர்ந்த வழியில் தொலைந்துவிட்டது, அவளுக்கு எத்தனை வயது என்பதற்கு எங்கள் சேர்வு இடாப்பை விட்டால் வேறு சாட்சி இல்லை, அதில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்றார். அதிபர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இது கள்ளம் டீச்சர் என்றார். ஓம் சேர், பத்துக்கு எவ்வளவு கள்ளம் என்று டீச்சர் கேட்டார். அதிபர் ஒன்பது என்றார். அதை எட்டாக்க என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார். அந்தத் தலையை எதிர்த்து அதிபர் எத்தனை நேரம் தாக்குப்பிடிப்பார்? இடாப்பை மேசையில் வைத்துவிட்டு, கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். அரை மணித்தியாலம் கிணற்றைப் பார்த்தார்.

சுகந்தி ஏழாம் ஆண்டுக்கு இறங்கினாள். டீச்சர் அவளுடைய வெள்ளைச் சட்டையைப் பிரித்துக் கட்டையாகத் தைத்தார். இரட்டைப் பின்னல் போட்டு, ரேந்தை நாடாவால் கட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க இடிக்க இருந்தாள். நான் அந்த வகுப்புக்கும் கணக்கு. அவள் கேள்விக்குச் சட்டென்று சரியான விடை சொன்னால் நான் முறைக்க வேண்டும். இரண்டு தரம் பிழையாகச் சொல்லிவிட்டு மூன்றாம் தரம் சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். இடாப்பைப் பார்த்தார்கள், குறிப்பெடுத்தார்கள். ஏழாம் ஆண்டு வாசலில் ஒருவன் நின்று பார்த்தான். நாற்பது பிள்ளைகள், எல்லாம் இரட்டைப் பின்னலும் மூக்குச்சளியும். போய்விட்டான். சுகந்தியின் பெயர் அவர்கள் கொண்டுபோன தாளில் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக டீச்சரைப் பார்த்து நல்ல வேலை செய்தீர்கள் என்று சொன்னேன். தான் ஒன்றும் செய்யவில்லை, வழி சொன்னது பிள்ளைதான் என்றார். அதுவும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வசனம்தான். ஆனால் அவர் அதை நம்பிச் சொன்னார்.

அதற்கு அடுத்த புதன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. காற்றென்றால் பாதைக்காரர் நேரத்தோடு போய்விடுவார். குழு தொடங்கியபோது தயாளினி வழக்கமான மூன்றில் நிற்கவில்லை, ஒன்றில் நின்றாள். கேள்வி நேரம் முழுக்க டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவில் கயிற்றுக்கு வரச் சொன்னபோது மறுபடியும் ஒன்றிலேயே நின்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து நகராமல் நின்றார்கள். மணி நாலே கால். நான் கதவில் தட்டி, ஐந்து விரலும் இரண்டு விரலும் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முடிச்சு முடிச்சாக நடந்து ஏழில் போய் நின்றாள். ஒன்றிலிருந்து ஏழா, எப்படி மகள் என்று டீச்சர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், சரியாகிவிட்டது என்று தயாளினி சொன்னாள். டீச்சர் கைதட்டி, 'வளர்ச்சி' என்று எழுதினார். பாதையைப் பிடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோனார்கள்.

திங்கட்கிழமை தாய் பள்ளிக்கு வந்தாள். மண்டபத்தில் டீச்சருக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. நான் கதவடியில் நின்றேன், வழக்கமாக நிற்கிற இடத்தில்.

"மூத்தவன் ஒளிச்சித் திரியிறான் டீச்சர். அவனில்லாட்டி இவளத்தான் எடுப்பம் எண்டு சொல்லிட்டுப் போனவங்க. அந்தப் புள்ளைக்கு வழி பார்த்த மாதிரி எனக்கும் டீச்சர் ஒரு வழி பார்ப்பா, புதன்கிழம சொல்லப் போறன் எண்டுதான் வெளிக்கிட்டவள். பின்னேரம் வந்தவளக் கேட்டன், சொன்னியா எண்டு. ஏழில நிண்டிட்டன் அம்மா எண்டாள்." அவள் டீச்சரை அண்ணாந்து பார்த்தாள். "ஏழெண்டா என்ன டீச்சர்?"

அந்தத் தாய் தயாளினி பிறந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஒழுகாத இடம் எது என்று டீச்சர் கேட்கவில்லை. இலக்கம் கேட்கவில்லை. மறுகா கேட்கவில்லை. தலை சாயாமல், நேரே இருந்து, மணியடித்து அடுத்த பாடமும் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிரச்சினையை மட்டும் அவர் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதோடு புதன்கிழமைக் குழு நின்றது. கயிற்றை டீச்சரே சுருட்டிக்கொண்டுபோய்க் கிணற்றில் கட்டினார். முடிச்சுகளை அவிழ்க்கவில்லை, அதனால் வாளி கப்பியில் பதினொரு தரம் தடக்கித் தடக்கித்தான் மேலே வரும். தொண்டு நிறுவனம் அறிக்கை கேட்டு மூன்று கடிதம் போட்டுப் பார்த்துவிட்டு வேறொரு பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டது.

தயாளினி திரும்பி வரவில்லை. சுகந்தி இப்போது வெல்லாவெளிப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறாள். அவளுடைய அடையாள அட்டையில் இன்னும் மூன்று வயது குறைவு. டீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் நாவற்குடாவில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். அவருடைய செத்த வீட்டுக்கும் போனேன்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் பாதையில் எங்கள் இருவரையும் பாதைக்காரரையும் தவிர யாரும் இல்லை. நடு வாவியில் டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்டில நிண்ட புள்ள ஏன் சேர் ஏழுக்குப் போனவள்?"

"தெரியா டீச்சர்" என்றேன்.

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். அந்தத் தலையை எனக்குத் தெரியும். அடுத்து என்ன வரும் என்றும் தெரியும். இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தித் தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரேயொரு மறுகா கேட்டிருந்தால் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், அவர்தான் கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன்.